நாற்பது பிரதி

"வருதா?"

"வரலங்க!"

கூடத்துச் சோபாவில் மடிக்கணினியோடு கணவர். உள்ளறையில் தன் கணினிக்கும் பிரிண்டருக்கும் காவலாக மனைவி. பதினோரு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். இன்னும் நாற்பதே நிமிடம். அதற்குள் மனு அச்சாகிக் கையெழுத்தோடு போகாவிட்டால், அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தான். மனைவி இரவுப் பணி நர்ஸ். கீழ்வீட்டுக்காரரோ பகல் முழுக்க ட்ரம்பெட் ஊதுகிறவர். இன்னும் மூன்று மாதம் தூக்கமில்லாமல் போனால் யாருக்கு எந்த ஊசியைப் போடுவாளோ, அவளுக்கே தெரியாது.

"கடையில போய் பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேனே?"

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

கட்டடத்தில் அவருக்கு 'இலவச டாக்டர்' என்று பெயர். கீழ்வீடு உட்பட நாலு வீட்டுக் கணினிகளிலும், காசில்லாமல் கிடைக்கும் திறந்த மூல இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்த புண்ணியவான். யாருக்கு என்ன கோளாறு என்றாலும் சோபாவை விட்டு எழமாட்டார். இங்கிருந்தபடியே அவர்கள் கணினிக்குள் நுழைந்து வைத்தியம் பார்த்துவிடுவார். கீழ்வீட்டுக்காரரின் பழைய பிரிண்டர் ஒன்றுதான் அவருக்கு மசியவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

"அடடே, உன் கம்ப்யூட்டர்ல பிரிண்டரை இயக்குற டிரைவர் பேக்கேஜையே காணோம்! இதோ போட்டுடறேன்."

டிரைவர் உள்ளே வர இன்னொரு பேக்கேஜ் வேண்டுமாம். அது வர நூற்றுப் பன்னிரண்டு பழைய பேக்கேஜ்கள் வெளியேற வேண்டுமாம். 'சம்மதமா?' என்று கேட்டது திரை. படிக்க நேரமேது? சம்மதம், சம்மதம், சம்மதம் என்று தட்டித் தள்ளினார்.

"இப்ப ரீஸ்டார்ட் ஆகுது பாரு!"

"எங்க ஆகுது? நம்ம கல்யாண போட்டோ அப்படியே இளிச்சுக்கிட்டு நிக்குது."

"அணைஞ்சு திரும்ப வந்திருக்கும். உன் கண்ணுக்குத் தெரியல. அவ்வளவு வேகம்!"

மனுவை மறுபடி அனுப்பினார்.

"வருதா?"

"வரல!"

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணு அனுப்பினா மதிக்க மாட்டேங்குதா? இந்தா, நாப்பது!"

'அச்சாகிறது' என்று திரையில் வந்ததும் சோபாவிலிருந்து ஒரே குதி குதித்தார். "ஜெயிச்சுட்டோம்! ட்ரம்பெட்கூட நின்னுடுச்சு, கேட்டியா? நல்ல சகுனம்!"

"அது நின்னா நிக்கட்டும். இங்க ஒரு பேப்பர்கூட அசையல. மணி பத்து அம்பத்தஞ்சு! உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடக் கதவைத் திறந்தாள். வாசலில் கீழ்வீட்டுக்காரர், வேர்த்து விறுவிறுக்க, ஒரு கட்டுக் காகிதத்தை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"டாக்டர் சார், மூணு வருஷமா செத்துக் கிடந்த என் பிரிண்டர் தானா எழுந்து, உங்க மனுவை இருபத்தெட்டு தடவை கக்கியாச்சு, இன்னும் நிக்கல! முதல் பேப்பர்லயே எனக்குப் புத்தி வந்துடுச்சு, சத்தியமா இனிமே பகல்ல ஊத மாட்டேன், அதை நிறுத்துங்க சார்!"