ரெண்டும் ரெண்டும் நாலு ஓம்

தென்காசி ஞானதுரை அண்ணாச்சி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஏழேகாலுக்கு அந்த முடிவை எடுத்தார். இனிமேல் இந்த வீட்டில் சீரியல் கிடையாது.

கிடையாது என்றால் கிடையாதுதான். பின்னே என்ன? ஏழு மணிக்கு அவர் மனைவி ஜெபமலர் டிவி முன்னால் உட்கார்ந்தால், ஏழரை வரைக்கும் கூரையே பறந்தாலும் திரும்பமாட்டாள். ரசம் ஆறிவிடும். அப்பளம் நமுத்துவிடும். அந்த சீரியலில் வரும் மருமகள் ஆறு வருஷமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிழைக்கவும் மாட்டாள், போகவும் மாட்டாள். பாத்திரக்கடையில் உட்கார்ந்து ஊரையே பேச்சில் மடக்குகிற அண்ணாச்சி, சொந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் முடிவை எப்படிச் சொல்வது? நேரே சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அதற்கு ஒரு வழி கார் டிக்கியில் இருந்தது.

ஜெபமலரின் தம்பி ஜெபஸ்டின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். போன லீவில் அண்ணாச்சியின் காரில் ஏறி உட்கார்ந்து, "அத்தான், பாட்டு கொசு முனங்குத மாதிரில்லா கேக்கு!" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு இறங்கிய முள் ஒரு வருஷமாகக் குத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை அவன் திரும்ப வருகிறான், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகணும் என்றதும், அண்ணாச்சி பெரிய சப்வூஃபர் ஸ்பீக்கர் இரண்டும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கிவிட்டார்.

கடைக்கார சுடலையாண்டி படித்துப் படித்துச் சொன்னான். "அண்ணாச்சி, இந்த ஆம்ப்ளிஃபயர் நாலு ஓமுக்குக் கீழ தாங்காது. ஓம் குறைஞ்சா கரண்டை இழுத்துச் சூடாயிரும். ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் ரெண்டு ஓம். நானே மாட்டித் தாரேன்."

"ரெண்டும் ரெண்டும் எத்தனலே?"

"நாலு."

"பொறவு என்ன? நானே மாட்டிக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வேலை ஆரம்பித்தது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டார். கெட்டி வயரை மிதியடிக்கு அடியில் இழுத்தார். அதெல்லாம் சுத்தமாகத்தான் செய்தார், குறை சொல்லக்கூடாது. பிறகு இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ்ஸையும் சேர்த்து ஒரு முறுக்கு, இரண்டு மைனஸையும் சேர்த்து ஒரு முறுக்கு. காப்பி கொண்டுவந்த ஜெபமலர் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, சீரியல்ல போடுங்க."

அண்ணாச்சிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காலை பத்து மணிக்கே இந்தப் பேச்சா!

"வண்டியில சீரியல் போடவாட்டி இதை வாங்கினேன்? இது பாட்டுக்கு!"

"பாட்டுக்குத்தாங்க சொல்லுதேன். சீரியல்ல போட்டாத்தான்..."

"எப்பப் பாரு சீரியல், சீரியல்! உனக்கு வேற நெனப்பே கிடையாதா?"

ஜெபமலர் காப்பியை அவர் கையில் கொடுத்தாள். சிரிப்பு வந்தது போலிருந்தது, வராதது போலவும் இருந்தது. "சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

இதுதான் சமயம் என்று அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். "ஒரு பந்தயம் போடுவோம். நாளைக்கு உன் தம்பி முன்னால, இங்கன இருந்து ஐந்தருவி வரைக்கும் பாட்டு அறாம ஓடினா, நீ சீரியலை நிறுத்தணும். நடுவுல நின்னா, செட்டைக் கழட்டிட்டு டிக்கியை உனக்கே விட்டுருதேன். உன் அரிசி மூட்டையையும் மாத்துத் துணிப் பையையும் தாராளமா வச்சுக்க."

"அப்படீன்னா ஜெபஸ்டின் முன்னால உங்க வாயால 'சீரியலை நிறுத்து'ன்னு சொல்லணும். அந்த நிமிசமே நிறுத்துதேன். பேச்சு மாறக்கூடாது."

"ஞானதுரை பேச்சு மாறினதா சரித்திரமே கிடையாது!"

சரித்திரம் மத்தியானமே ஆட்டம் கண்டது. செட்டைப் போட்டார். பத்து நிமிஷம் ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. எதிர்வீட்டு ஆனந்தவள்ளி கதவைச் சாத்திக்கொண்டாள். பதினோராவது நிமிஷம் டப்பென்று மௌனம். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு லைட். தொட்டுப் பார்த்து, "அம்மா!" என்று கையை உதறினார். ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்திருக்கும்.

நாளைக்கு ஜெபஸ்டின் முன்னால் இது நடந்தால்? சீரியலும் போகாது, மானமும் மிஞ்சாது. சுடலையாண்டி கடைக்கு ஓடினார். கடை பூட்டியிருந்தது. சாரல் விழுகிறது என்று அவனும் அருவிக்குப் போய்விட்டானாம். ஒரு டீ, அப்புறம் இன்னொரு டீ குடித்துக் கவலைப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் போட்டார்.

ஓடியது! கால் மணி, அரை மணி, முக்கால் மணி. சத்தம் ஒரு மாத்து குறைந்தது போலிருந்தது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் வெதுவெதுவென்றுதான் இருந்தது. லைட்டும் பச்சை.

"பாத்தியா?" என்றார். "புதுச் செட்டு, முதல்ல முரண்டு பிடிக்கும். ஆறப்போட்டா தானா வழிக்கு வரும்."

"உங்களுக்குத் தெரியாததாங்க?" என்றாள் ஜெபமலர், உள்ளேயிருந்து.

சனிக்கிழமை மேலகரம் தாண்டும்போது கார் முழங்கியது. குற்றாலத்தில் துண்டும் ஈரத்தலையுமாக நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தருவி வரைக்கும் பாட்டு ஒரு தடவைகூட அறவில்லை. "அத்தான், நெஞ்சுக்குள்ள இடிக்கு! யாரு மாட்டினா?" என்றான் ஜெபஸ்டின். அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி உட்கார்ந்தார்.

"ஏட்டி ஜெபமலர். சீரியலை நிறுத்து."

"சரிங்க."

இறங்கினாள். டிக்கியைத் திறந்தாள். கைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, ஸ்பீக்கர் வயரைப் பிடித்திருந்த திருகாணியில் வைத்தாள்.

"ஏ, ஏ! என்ன செய்யுதே?" என்று அண்ணாச்சி குதித்து இறங்கினார்.

"நீங்கதான சொன்னிய, சீரியலை நிறுத்துன்னு? நேத்து நீங்க டீ குடிக்கப் போனப்ப சீரியல்ல மாத்திப் போட்டேன். ஒரு ஸ்பீக்கர் மைனஸ் அடுத்த ஸ்பீக்கர் பிளஸ்ஸுக்கு. கிறிஸ்மஸுக்கு சர்ச்சுல சீரியல் செட்டுக்கு வருசா வருசம் பல்பு மாத்துதது யாரு? இப்படிப் போட்டாத்தான் ரெண்டும் ரெண்டும் நாலு. நீங்க போட்ட மாதிரி சேத்து முறுக்கினா, ரெண்டும் ரெண்டும் ஒண்ணு. அதான் நேத்து அடுப்பாக் கொதிச்சுது."

ஜெபஸ்டின் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். "அக்கா சொல்லுதது சரிதான் அத்தான். அப்படியே ஓட்டியிருந்தா ஆம்ப்ளிஃபயர் கருகியிருக்கும்." சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் ஜெபமலர். டெஸ்டர் இன்னும் திருகாணியில் இருந்தது. "சீரியலை நிறுத்தவா, ஓடட்டுமா?"

அண்ணாச்சி வயரைப் பார்த்தார், மச்சினனின் குலுங்குகிற முதுகைப் பார்த்தார். ஐந்தருவியும் சேர்ந்து சிரிப்பதாகத் தோன்றியது.

"ஓடட்டும்ட்டி," என்றார் மெதுவாக.

"சத்தமா."

"சீரியல் ஓடட்டும்!"

"ஜெபஸ்டின், கேட்டியாலே? அத்தான் வாயாலயே சொல்லிட்டாவ."

குளித்துவிட்டுத் திரும்பும்போது மேலகரத்தில் மணி ஏழு. ஜெபமலர் தன் போனைக் கார் செட்டில் இணைத்தாள். ஆஸ்பத்திரியில் மருமகள் கண்ணைத் திறந்தாள், மாமியார் திரும்பினாள். டொம்! டொம்! டொம்! மூன்று தடவையும் அண்ணாச்சியின் சீட்டு தூக்கிப் போட்டது.

"அத்தான், மாமியார் குரல் சரியாக் கேக்கல," என்றான் ஜெபஸ்டின்.

ஞானதுரை அண்ணாச்சி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.