காட்டாமணக்குக்குக் கிடைத்த ஏரி

ஒரு காட்டில், லாரிச் சத்தம் கேட்கிற தூரத்தில், ஓர் ஏரி இருந்தது. அதில் அஞ்சலை என்ற நாரை இரண்டு குஞ்சுகளோடு குடியிருந்தது. பக்கத்திலேயே ஊதாப் பூப் பூக்கும் காட்டாமணக்குச் செடி ஒன்றும் நின்றது.

ஏரி இனிப் பறவைகளுக்கு மட்டும், செடிகளைப் பிடுங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எது பறவை, எது செடி என்று பார்க்க அதிகாரி மாசிலாமணிக் குரங்கு செல்போனோடு வந்தார்.

அஞ்சலைக்குக் கவலையே இல்லை. மீனுக்கு நிற்பதுபோல ஆடாமல் அசையாமல் நின்றது. குரங்கு படம் எடுத்தார். ‘பூச்செடி’ என்றது போன். காற்றில் தலையாட்டிய காட்டாமணக்கைப் படம் எடுத்தார். ‘நாரை’ என்றது.

“ஐயா, நான்தான் நாரை. செடி இப்படிப் பேசுமா?”

“பேசும். இது காடு,” என்றார் குரங்கு.

காட்டாமணக்கு சங்கடத்தோடு, “ஆமாங்க, நான் செடிதான்,” என்றது.

“பார்த்தியா, பேசுது.”

அஞ்சலை ஏரியை ஒரு சுற்றுப் பறந்து வந்து இறங்கியது.

“காத்தடிச்சா இலைகூடத்தான் பறக்குது,” என்றார் குரங்கு.

அந்த நேரம் பார்த்துக் குஞ்சுகள் இரண்டும் பசியில் கத்திக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் நின்றன. குரங்கு இன்னொரு படம் எடுத்துவிட்டு முகம் சுளித்தார்.

“அதுக்குள்ள பரவிடுச்சே. சாயங்காலத்துக்குள்ள மூணையும் வேரோட பிடுங்கணும்.”

அதற்குமேல் அஞ்சலை வாதாடவில்லை. குஞ்சுகளைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டது.

“அக்கா, நான் என்ன பண்ணட்டும்?” என்று காட்டாமணக்கு கேட்டது.

“நீயாவது நல்லா இரு,” என்று சொல்லிவிட்டு அஞ்சலை பறந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், சாக்கடை தேங்கிய ஒரு பள்ளத்தில் போய் இறங்கியது.

குரங்கு தினமும் காலையில் காட்டாமணக்குக்கு ஒரு கூடை மீன் வைத்தார். அது தொடவில்லை. மீன் அழுகி நல்ல உரமானது. அடுத்த மழைக்குள் செடி ஏரி முழுக்கப் பரவி, தண்ணீரே தெரியாமல் பூத்துக் குலுங்கியது. நாரைகள் பல்கிப் பெருகிவிட்டன என்று குரங்குக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நீதி: பறவைகளுக்கான ஏரியில் இடம் வேண்டுமானால், முதலில் பறக்கத் தெரியாமல் இருக்க வேண்டும்.