இரண்டாம் நம்பர் பம்ப்

கப்பல் இயந்திரங்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வாளர் மேல்தளத்துக்கு வந்துவிட்டார். கீழே, இரண்டாம் நம்பர் பம்ப் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

சீஃப் இன்ஜினியர் பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டாம் நம்பர் தேறினால் இன்றே லீவில் வீட்டுக்குக் கிளம்பலாம். தேறாவிட்டால் கப்பலோடு இங்கேயே கிடக்க வேண்டியதுதான். "இந்தத் தடவையும் வரலைன்னா, பிள்ளைங்களுக்கு உங்க போட்டோவைத்தான் அப்பான்னு காட்டணும்" என்று காலையில்தான் மனைவி போனில் பொரிந்து தள்ளியிருந்தாள்.

"வாஷரை மாத்திடலாமா, சார்? அரை மணி நேர வேலைதான்" என்றார் எண்ணெய் போடும் ஆயில்மேன்.

"அதுக்கெல்லாம் ஏதுய்யா நேரம்? ரெண்டு பம்ப்லயும் நம்பர் பிளேட்டைக் கழட்டு!"

ஒன்றாம் நம்பர் பம்ப் சொட்டு ஒழுகாத உத்தமி. பிளேட்டுகள் இடம் மாறின. அவசரத்தில் சீஃப்பின் ஸ்பானர் பட்டு உத்தமியின் மீட்டர் நொறுங்கியது. அதன்மேல் தன் தொப்பியை மாட்டிவிட்டு, "போ, அவரைக் கூட்டிட்டு வா" என்று விரட்டினார்.

ஆய்வாளர் ஆயில்மேனின் தோளைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி வந்தார். உத்தமியில் மாட்டியிருந்த 'இரண்டு' பிளேட்டில் மூக்கு இடிக்கக் குனிந்தார்.

"இது எத்தனாம் நம்பர்? நீங்களே சொல்லுங்க."

பொறி வைக்கிறார் மனுஷன்! சீஃப் உஷாரானார்.

"ரெண்டு, சார்."

"நிச்சயமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா ரெண்டு, சார்!"

ஆய்வாளர் தொப்பியைத் தடவி, "ம்ம்" என்றார்.

"ஒண்ணாம் நம்பரையும் பார்த்துடலாமே."

வேறு வழி? சீஃப் அவரை இன்ஜினைச் சுற்றி அழைத்துப்போய், உத்தமியின் மறுபக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். "இது ஒண்ணு, சார்."

"ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கே!"

"ஒரே கம்பெனி, சார்."

ஆய்வாளர் தலையாட்டினார், கைகுலுக்கினார், கிளம்பினார். பழுது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சீஃப் போனுக்குப் பாய்ந்தார். "பெட்டி கட்டப் போறேன்டி! ரொம்பக் கறாரான ஆளு, கழுகுப் பார்வை. அவர் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டேன்!"

ஆய்வாளரைக் கார் வரை கொண்டுவிட்ட ஆயில்மேன் திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், மூக்குக் கண்ணாடியை வீட்டுலயே மறந்துட்டாராம், இன்னிக்கு ஒண்ணுமே தெரியலையாம். நாளைக்குக் கண்ணாடியோட வந்து முதல்லேருந்து பார்க்கிறேன்னு சொல்லச் சொன்னாரு."