வாசலை மறிச்ச ‘வாறன்’ அண்ணை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலை மனுசரை வீட்டுக்குப் போக விடாமல் மறிச்சுச் சாதனை படைச்ச ஒரே பிறவி எங்கடை ‘வாறன்’ அண்ணைதான். சத்தியமாச் சொல்லுறன், அவரிட்டைத் தப்பி வீடு போய்ச் சேருறதைவிடக் கொழும்புக்கு நடந்தே போயிடலாம்.

நீர்வேலியிலை எங்கடை இளைஞர் நிலையம். தமிழ்ப் பெடியள் பெட்டையளின்ரை உடம்பையும் மனசையும் பாக்கவெண்டு ஒரு திட்டம். கிழமைக்கு ரெண்டு பின்னேரம் கரப்பந்து, இடைக்கிடை பல்லுப் பரிசோதனை, மனம் விட்டுக் கதைக்க ஒரு ஆலோசகர் அக்கா. நான் படிவம் நிரப்பிற ஆள். அண்ணை கரப்பந்து பழக்கிறவர். சம்பளம் இல்லை, ஆனால் அதிகாரத்துக்குக் குறைவுமில்லை.

எங்கடை சனம் வெளிக்கிடேக்கை ‘போறன்’ எண்டு சொல்லாது. ‘போட்டு வாறன்’, போய்த் திரும்பி வருவன் எண்டுதான் சொல்லும். ‘போறன்’ எண்டால் திரும்பி வராத பயணம். எல்லாருக்கும் இது பழக்கம், அண்ணைக்கு இது சட்டம். ஆராவது வாய் தவறிப் ‘போறன்’ எண்டால் வாசலிலை சைக்கிளைக் குறுக்கை விட்டிடுவார். “திருப்பிச் சொல்லு!” மேற்பார்வைக்கு வந்த சிங்கள ஐயாவையே விடேல்லை. அந்த மனுசன் வானுக்குள்ளை இருந்து “வாரங், வாரங்” எண்டு கும்பிட்ட பிறகுதான் சைக்கிள் விலகினது. எனக்கெண்டால் பெரிய வெக்கக்கேடு.

ஒரு வியாழக்கிழமை, கரப்பந்துக்கு வாற நிரோஜா படிவம் நிரப்ப வந்தாள். பத்தொன்பது வயசு, பல்கலைக்கழகம் போக எழுதுற ஏ.எல். சோதினை ரெண்டாந்தரமும் பிழைச்சுப் போச்சு. படிவத்திலை இருபது கேள்வி. நித்திரை வருதோ? ஓம். சாப்பிடுறியோ? ஓம். கவலை ஏதும்? இல்லை. எல்லாம் வடிவாச் சரி. “அப்ப போறன்” எண்டாள். நான் தலை நிமிராமல் “ம்” எண்டன்.

பந்துக்குக் காத்தடிக்கப் பக்கத்துக் கடைக்குப் போன அண்ணை வந்து கேட்டார், “பிள்ளை எங்கை?”

“போட்டாள்.”

“என்ன சொல்லிப்போட்டுப் போனவள்?”

“போறன் எண்டாள். ஐயோ அண்ணை, உந்த விசரை விடுங்கோ. படிவத்திலை ஒரு பிழையும் இல்லை.”

“உன்ரை படிவத்தைக் கொண்டுபோய் அடுப்பிலை வை! ஒருநாள் தவறாமல் ‘வாறன் அண்ணை, சைக்கிளை எடுங்கோ’ எண்டு எனக்குப் பகிடி விடுற பிள்ளையடா அது!”

அவளின்ரை போனுக்கு எடுத்தன். அடிக்குது, எடுக்கேல்லை. வீட்டுக்கு எடுத்தன். “இன்னும் வரேல்லையே தம்பி” எண்டா தாய். வாழைத் தோட்டப் பக்கம் போனவள் எண்டு கடைக்காரர் சொல்ல, அண்ணை ஓடத் தொடங்கிட்டார். சைக்கிள் வாசலிலை நிக்கிறதையே மறந்து, அறுபது வயசிலை, ஒரு காலிலை மட்டும் செருப்போடை! நான் அவற்றை சைக்கிளிலை பின்னாலை. “நிரோ! நிரோ!” எண்டு கத்துறார். என்ரை வாயிலை “பிள்ளையாரப்பா” எண்டதைத் தவிர வேறை ஒண்டும் வரேல்லை.

மூண்டாவது தோட்டத்துக் கிணத்துக் கட்டிலை இருந்தாள். செருப்பு ரெண்டும் கீழை, ஒழுங்காக் கழட்டி வைச்சபடி.

நான் வாயைத் திறக்க முதல் அண்ணை கையாலை பொத்திப்போட்டார். அவளுக்குப் புத்தி சொல்லேல்லை, ஏசேல்லை. மெல்லப் போய்ப் பக்கத்திலை இருந்து, “பிள்ளை, எனக்கு மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு. கையைப் பிடி” எண்டார். நடிப்பாக்கும் எண்டு பாத்தன். இல்லை, மனுசனுக்கு உண்மையாவே ஏலாது.

அவள் பயந்து கையைப் பிடிச்சாள். “இந்த வயசிலை என்னத்துக்கு ஓடினனீங்கள்? விசரோ உங்களுக்கு?” எண்டு ஏசினாள். ஏசி ஏசியே அழத் தொடங்கினாள். பத்து நிமிசம் விடாமல் அழுதாள். படிவத்திலை இல்லாதது எல்லாம் அப்பதான் வெளியிலை வந்தது.

ஆலோசகர் அக்காவையும் கூப்பிட்டு, ஓட்டோ பிடிச்சு ஆசுப்பத்திரிக்குப் போனம். “ஆர் வருத்தக்காரர்?” எண்டு கேட்டா தாதி. நிரோஜா அண்ணையைக் காட்டினாள். அண்ணை நிரோஜாவைக் காட்டினார். பிடிச்ச கையை ரெண்டு பேருமே விடேல்லை. எனக்கு அந்த மனுசனிலை அப்பிடியொரு விருப்பம் வந்து, சொல்ல வெக்கம், தாதிக்கு முன்னாலையே அழுதுபோட்டன்.