ஓரிக்கையில் நான் தோண்டிய பம்பாய்

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் இந்தியாவில் நான் பார்க்காத பெரிய ஊர் கிடையாது. டில்லி, கல்கத்தா, பம்பாய், காஷ்மீர் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பத்து மைலுக்குள்ளேயே பார்த்துவிட்டேன் என்பதுதான் சங்கதி.

என் வீட்டுக்காரருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வேலை. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் முன்னால் புடவையை உதறி விரித்துப் போடுகிற வேலை. அறுபதுகளின் கடைசி அது. எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். ஒரு புடவைக்கும் அடுத்த புடவைக்கும் நடுவில் தங்கள் ஊர்ப் பெருமையைப் பேசுவார்கள். அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் நான் பிடித்துக்கொள்வேன்.

"இன்னிக்கு எந்த ஊர்க்காரங்க வந்தாங்க? அவங்க ஊர்ல இன்னா இருக்குதாம்?"

அவர் சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த ஓர் இடத்தோடு அதை ஒட்டவைத்துவிடுவேன். ஒட்டவைக்காவிட்டால் எனக்கு மனதில் நிற்காது. டில்லியில் தெரு அகலம், ஆபீஸ் அதிகம் என்றார். அப்படியென்றால் எங்கள் ராஜ வீதி. கல்கத்தாவில் ஆள்மேல் ஆள் ஏறுவார்கள் என்றார். அது கருடசேவை அன்றைக்குச் சின்ன காஞ்சிபுரம். நான் பிறந்த முசரவாக்கத்தில் மார்கழி விடியலில் ஏரிக்கரைக்குப் போனால் வாயிலிருந்து புகை வரும். ஆகையால் அது காஷ்மீர். (அங்கே பனியைக் கையால் அள்ளுவார்களாம். எங்கள் ஊரில் அள்ள வராது. அவ்வளவுதான் வித்தியாசம்.)

பம்பாய் மட்டும் கொஞ்ச நாள் இழுத்தது. ஊர் ஓரத்துக்கு நடந்துபோய் நின்றால் கண்ணுக்கெட்டிய வரைக்கும் தண்ணீர்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் ஓரிக்கையில் பாலாறு இரண்டு கரையும் புரண்டு ஓடியது. வேடிக்கை பார்க்கப் போனேன். எதிர்க்கரையே தெரியவில்லை. கரையெல்லாம் ஜனம், பட்டாணி விற்கிறவன் வேறு. சரிதான், ஓரிக்கைதான் பம்பாய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இதெல்லாம் என் மண்டைக்குள் இருந்தவரைக்கும் யாருக்கும் கெடுதல் இல்லை. வாய்க்கு வந்தது என் தங்கை கஸ்தூரியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான்.

கஸ்தூரிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. நாலு இடம் வந்து பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். ஐந்தாவதாக வந்தது பம்பாய் மாப்பிள்ளை. பெயர் கன்னியப்பன். அரக்கோணம் பக்கத்துக்காரர்கள், பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். பையனுக்கு மில்லில் வேலை. அவன் தாயார் லோகம்மா பெண் பார்ப்பதற்காக ரயிலேறி வந்திருந்தாள். கஸ்தூரிக்கு இந்த இடத்தின்மேல் ஆசை. என்னிடம் சொன்னாள்: "இது அமையலன்னா இனிமே யார் எதிர்லயும் தட்டைத் தூக்கிக்கினு வந்து நிக்க மாட்டேன்கா." அவள் சொன்னால் சொன்னதுதான்.

முசரவாக்கத்தில் வைத்தால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்கள் என்று, பெண் பார்ப்பதை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். (பெரிய காஞ்சிபுரத்து மருமகள் என்ற கெத்து எனக்கு.) கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டேன். பெண்ணைவிட அக்கா பளபளவென்று இருந்தாள்.

காபி குடித்து முடித்த லோகம்மா மெதுவாகக் கேட்டாள்.

"பம்பாய்ன்னா ஒத்தை ரூமு. கூட்டம். நெரிசல். பொண்ணு தாங்குமா?"

நான் விடுவேனா?

"எங்களுக்கு அதெல்லாம் புதுசாம்மா? இந்த ஊரும் பம்பாய் மாதிரிதான்!"

லோகம்மாவின் முகம் சட்டென்று சுருங்கியது.

அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடுதான் தெரிந்தது. அவளுடைய மூத்த மருமகளிடம் தரகர், பம்பாய் உங்கள் ஊர் மாதிரிதான், கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் மூன்றே மாதத்தில் மூட்டை கட்டித் தாய்வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. அதிலிருந்து 'பம்பாய் மாதிரி' என்று யாராவது வாயைத் திறந்தால் லோகம்மாவுக்கு ஆகாது.

நான் என்ன நினைத்தேன்? சொன்னது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆகையால் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

"கூட்டமா? திருவிழா அன்னிக்கு வந்து பாருங்க. உசந்த கட்டடமா? எங்க ஏகாம்பரநாதர் கோபுரத்தைவிடவா?"

அவள் முகம் இன்னும் சுருங்கியது. வீட்டுக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் அவர் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அங்க கடல் இருக்குதேம்மா," என்றாள் லோகம்மா.

"எங்களுக்கு மட்டும் இல்லியா? ஓரிக்கைக்குப் போனா அதே கதைதான். கண்ணு போற வரைக்கும் தண்ணி!"

லோகம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப அதையும் பார்த்துட்டே போவலாம். பொண்ணும் வரட்டும்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பியது எங்கள் வம்சத்திலேயே நாங்கள்தான். ஒரு ஜட்கா பிடித்தோம். லோகம்மா, கன்னியப்பன், கஸ்தூரி, நான். வீட்டுக்காரர் பின்னால் சைக்கிளில் வந்தார். அது பங்குனி மாதம். பங்குனியில் பாலாறு எப்படி இருக்கும் என்று காஞ்சிபுரத்தில் தவழ்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு ஓரமாக வாய்க்கால் அளவுக்காவது ஓடாமலா போய்விடும், அதைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று காமாட்சியை வேண்டிக்கொண்டே போனேன்.

காமாட்சிக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும்.

கரையில் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய வரைக்கும் மணல். வெள்ளை வெளேரென்று, பார்க்கவே கண் கூசியது. நடு ஆற்றில் நாலு மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

லோகம்மா நெற்றியில் கையை வைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள்.

"தண்ணி?"

"அடியில இருக்குதும்மா," என்றேன்.

பாலாற்றில் அப்படித்தான். கோடையில் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். ஊர்ப் பெண்கள் ஊற்று தோண்டி, கலங்கல் தெளிய விட்டு, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிப் போவார்கள். சர்க்கரை போல இருக்கும் தண்ணீர். கொஞ்ச தூரத்தில் ஒரு ஊற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு குடங்கள் வரிசையில் இருந்தன. நான் நேராக அங்கே போனேன்.

"இன்னாம்மா வேணும்?" என்றாள் முறைக்காகக் காத்திருந்த ஒருத்தி.

"பம்பாய்லேர்ந்து வந்துக்கிறாங்க. தண்ணியைக் காட்டணும்."

"அவங்க பார்க்காத தண்ணியா? காலையிலேர்ந்து இறைச்சு இப்பதான் தெளிஞ்சிக்கினு வருது. கிட்ட வராதே. வேணும்னா தனியா தோண்டிக்க."

தோண்டினால் என்ன, கையா இல்லை? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்கள் ஊற்றுக்குச் சரிவில் நாலடி மேலே உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரினேன். முழங்கை ஆழம், ஈரம் வந்தது. இடுப்பு ஆழத்துக்குப் போனால் சமுத்திரமே வந்துவிடும் என்று ஒரு வேகம். பள்ளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டேன்.

ஊற்றுத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பக்கத்து ஊற்றுக்கு நெருங்கித் தோண்டக் கூடாது. அதுவும் வாரிய மணலைச் சரிவுப் பக்கம் கொட்டவே கூடாது. ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த முசரவாக்கத்துக்காரி எனக்கு இது எங்கே தெரியும்? நான் வாரி வாரி அந்தப் பக்கமே கொட்டியிருக்கிறேன். பாரம் தாங்காமல் மணல் முழுக்க ஒரே சரிவாகச் சரிந்து அவர்கள் ஊற்றுக்குள் போய் விழுந்தது. என் பள்ளமும் இடிந்தது. நான் இடுப்பு வரைக்கும் ஈர மணலில், நட்டுவைத்த கம்பம் போல நின்றேன்.

"ஐயோ, சரிகை!" என்று கரையிலிருந்து ஒரு அலறல். என் வீட்டுக்காரர். (பெண்டாட்டி புதைந்ததைப் பார்த்து அந்த மனுஷர் அலறியது அது ஒன்றுதான்.)

அதற்குள் குடங்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டன.

"பட்டுப் புடவை கட்டிக்கினு ஆத்துல இன்னாடி உனுக்கு வேலை?"

"காலையிலேர்ந்து ஒரு குடம் ரொப்பல, மொத்தத்தையும் தூர்த்துட்டாளே!"

"அப்படியே வுடுங்கடி அவளை. ஐப்பசில தண்ணி வந்து இழுத்துக்கினு போவட்டும்!"

நான் பதிலுக்கு ஏதோ சொல்லப் போக, கூச்சல் இரண்டு பங்காயிற்று. சம்பந்தம் முறிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கஸ்தூரியைத் தேடினேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயம்.

கஸ்தூரி அங்கே இல்லை. அவர்கள் ஊற்றுக்குள் இறங்கியிருந்தாள். தலையில் வைத்த பூவோடு மண்டியிட்டு, ஒரு கொட்டாங்குச்சியால் கலங்கல் தண்ணீரை மொண்டு வெளியே வீசிக்கொண்டிருந்தாள்.

"இந்தாக்கா, நீ இன்னும் எத்தினி நேரம் கத்துவே?" என்று ஒருத்தியைப் பார்த்துக் கேட்டாள். "கத்திக்கினே மணலை அந்தப் பக்கம் தள்ளு. எங்க அக்காவுக்கு அறிவு அவ்ளோதான். உங்க குடம் அத்தினியும் ரொப்பிக் குடுத்துட்டுத்தான் நான் கரை ஏறுவேன். முதல்ல யாரு குடம்?"

"என்னுது!"

"என்னுதுதான் முதல்ல இருந்துச்சு!"

"நீ அப்புறமா வந்தே. நான் பார்த்தேன்," என்றாள் கஸ்தூரி. "பின்னாடி போ."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லோகம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"டேய் கன்னியப்பா! வந்ததுலேர்ந்து அந்தம்மா சொல்லிக்கினே இருந்துச்சு, நான்தான் நம்பல. அச்சு அசல் நம்ம குழாயடிடா இது! அதே குடம், அதே சண்டை!"

பிறகு எழுந்துபோய் ஊற்றோரம் நின்று கஸ்தூரியைக் கேட்டாள்.

"ஏம்மா, நீ சொல்லு. பம்பாய் இந்த ஊர் மாதிரி இருக்கும்னு நினைக்கிறியா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் பார்த்ததில்லை," என்றாள் கஸ்தூரி, கையை நிறுத்தாமல். "எங்க அக்காவும் பார்த்ததில்லை. அந்தக் கடல் தண்ணி கோடையில வத்துமா, வத்தாதா?"

"வத்தாது."

"அப்ப அத்தினி தண்ணி இருந்தும் எதுக்குக் குழாயடியில சண்டை போடுறீங்க?"

"வாய்ல வைக்க முடியாதுடி, உப்பு."

"அட!" என்றாள் கஸ்தூரி. அதற்குப் பிறகு கேள்விமேல் கேள்வி. அலை எவ்வளவு உயரம், ராத்திரியும் அடிக்குமா, தூக்கம் வருமா என்று. லோகம்மாவும் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மொண்டுகொண்டே பதில் சொன்னாள். மூன்றாவது குடம் நிரம்பும்போது கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாமா, ஆனியிலா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் புதைந்தபடியே இருந்தேன். நான் இருப்பதே ஆறாவது குடத்தின்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது.

கல்யாணம் ஆனியில் நடந்தது. அவர்கள் போய் ஒரு மாதம் கழித்துக் கஸ்தூரியிடமிருந்து கார்டு வந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்தேன்: "அக்காவுக்கு, நேற்று கடலைக் காட்டினார்கள். உன் பம்பாயைவிட இது பரவாயில்லை. தோண்டாமலே தண்ணீர் வருகிறது." அந்தக் கார்டு உறவு முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஓரம் கிழிந்துதான் என்னிடம் திரும்பி வந்தது. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், "எத்தனை முழம் தோண்டணும்?" என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளை பார்க்கிற இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவரிடமும் கேட்டிருக்கிறார்கள்.

போன வருஷம் என் மகன் ஓரிக்கைப் பக்கம் ஒரு மனை பார்க்கப் போனான். என்னையும் காரில் கூட்டிப்போனான். மனை விற்கிற பையன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வெயிலில் கையை நீட்டி நீட்டிப் பேசினான்.

"அஞ்சே வருஷம்தான் சார். இந்த ஏரியாவே அப்படியே பெங்களூர் மாதிரி ஆயிடும்!"

மகன் என்னைப் பார்த்தான். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காரில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் காரை விட்டு மெதுவாக இறங்கினேன். செருப்பால் மண்ணைக் கொஞ்சம் சீய்த்துப் பார்த்தேன்.

"தம்பி," என்றேன், "எத்தினி முழத்துலப்பா வரும்?"