பனியும் போண்டாவும்

பம்மலில் தகரக் கொட்டகையில் லேத் பட்டறை போட்டேன். கீழ்க்கட்டளையில், பகலிலேயே பாம்பு நெளிந்த முள்ளுக்காட்டில் மூணு மாடி எழுப்பினேன். குரோம்பேட்டையில் ஏசி கல்யாண மண்டபம் கட்டினேன். படிப்பு ஆறாங்கிளாஸ். (அதிலும் பாதி நாள் வாசலுக்கு வெளியே.) வீட்டில் இதையெல்லாம் ஒருத்தரும் பேசுவதில்லை. நான் ரஷ்யப் படத்தைக் கெடுத்த கதையைத்தான் பேசுகிறார்கள்.

மருமகள் ஷாஹிதா கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறாள். பழைய ரஷ்ய நாவல்கள் சோவியத் சினிமாவை எப்படி வளர்த்தன என்று புதுப் பாடம் தொடங்க ஆசை. பிரின்சிபாலுக்கு அரை மனசு. ஒருநாள் நடத்திக் காட்டு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றுவிட்டார். மண்டபத்தைச் சும்மா கொடுத்தேன், படம் முடிந்ததும் தின்ன போண்டாவும் சேர்த்து. (வள்ளல்.) படம் ஓடிய லேப்டாப்புக்குக் காவலாக நானே உட்கார்ந்தேன்.

படத்தில் ஒருத்தன் அண்ணனோடு சண்டை போட்டு, இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று கிளம்புகிறான். பனியில் நடக்கிறான். நடக்கிறான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. அவன் மூஞ்சியும் பனியும்தான்.

சமையல் மாஸ்டர் குனிந்து வந்து காதைக் கடித்தார். "அண்ணா, போண்டா ஆறிகினு கீது."

மண்டபக்காரனுக்கு முகூர்த்தம் தள்ளிப்போகலாம், பந்தி தள்ளிப்போகக் கூடாது. மந்திரம் நீண்டால் ஐயருக்குக் கண் காட்டுவேன், சுருக்கிக்கொள்வார். எத்தனை ஐயரைப் பார்த்தவன், இந்த ரஷ்யாக்காரன் எம்மாத்திரம்? ஷாஹிதா முன்வரிசையில் தலைகுனிந்து குறிப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் பட்டனைத் தட்டித் தட்டி அவன் நடையை வேகமாகத் தள்ளிவிட்டேன். திரும்பி வந்து அண்ணன் காலில் விழுந்து அழுதான். படம் முடிந்தது.

விளக்கு போட்டதும் ஒரு பையன் எழுந்தான். "மேடம், இப்பதானே முறைச்சிக்கினு போனாரு, அதுக்குள்ள இன்னாத்துக்கு அழுவுறாரு?"

ஹாலே சிரித்தது. பிரின்சிபாலும். ஷாஹிதா முகம் வெளுத்தது. நான்தான் கை தூக்கினேன். "நான்தாம்மா தள்ளிவுட்டேன். போண்டா ஆறுதுன்னாங்க."

அவள் எழுந்து லேப்டாப் பக்கம் வந்தாள். "அந்தாளு மனசு மாறினதே அந்த நடையிலதான் மாமா." பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "நாவல்ல அவன் நடந்துகிட்டே யோசிக்கிறது பக்கம் பக்கமா வரும். அதை டைரக்டர் மூஞ்சியிலயும் பனியிலயும் காட்டினாரு. அதை எடுத்துட்டா என்ன மிஞ்சும்னு எங்க மாமா காட்டிட்டாரு."

மறுபடி போட்டாள், முழுசாக. ஒரு நாற்காலிகூட அசையவில்லை. போண்டா கல்லாகிவிட்டது. பிரின்சிபால் அதைக் கடித்துக்கொண்டே பாடத்துக்குச் சரி சொன்னார்.

இப்போதும் முதல் வகுப்பில் அந்தக் காட்சியை வெட்டியும் வெட்டாமலும் காட்டுகிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் 'போண்டா கட்'. வீட்டில் நான் அவசரப்பட்டால் பேத்திகூட, "தாத்தா, போண்டா ஆறுதா?" என்கிறாள்.

கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பாடத்துக்கு அவள் எழுதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி என்று பிரின்சிபால் பெயர் மட்டும் இருக்கிறது. அவர் என்ன செய்தார், போண்டா தின்றார். வெட்டியவன் நான். அடுத்த அச்சில் என் பெயர் வர வேண்டும், இனிஷியலோடு, அவருக்கு மேலே.