இளவட்டக்கல்லுக்கு இன்னும் ஐந்து மாதம்

அம்பாசமுத்திரம்,
சாதாரண வருஷம், ஆவணி 12-ந் தேதி.

மதராஸில் பெரிய உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ ஆவுடைநாயகம் அத்தான் அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் சிவசைலம் அநேக நமஸ்காரம். இவ்விடம் அப்பா, அம்மா, நீங்கள் அங்கே வீடு பார்க்கும்வரை எங்களோடு இருக்கும் நீலாம்பாள் அக்காள், இரண்டு எருமை யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை எழுதுங்கள். எழுதாவிட்டாலும் க்ஷேமமாக இருங்கள். நான் ஒருவன்தான் க்ஷேமமில்லை.

சென்ற பொங்கலுக்கு மறுநாள் கோயில் பொட்டலில் இளவட்டக்கல் தூக்கினார்கள். அந்த உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுகிறவன்தான் எங்கள் ஊரில் வாலிபன். மற்றவனெல்லாம் மீசை வைத்த குழந்தை. வருஷா வருஷம் ஜெயிக்கிற சங்கிலிபூதத்தான் வருமுன்பே நான் கல்லுக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி வைத்தேன். கல் அவன் மார்புவரை ஏறி, போய்வருகிறேன் என்று இறங்கிவிட்டது. அவன் பொத்தென்று சாணியில் உட்கார்ந்தான். முதலில் சிரித்தவன் நான்தான், அதுதான் நான் செய்த பிசகு. நேரே வந்து என் கையை மோந்து பார்த்தான். “ஏலே, பொங்கலும் அதுவுமா எவம்லே விளக்கெண்ணெயில குளிப்பான்?” என்றான். ஊர்ப்பெரியவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “வார பொங்கலுக்கு நீ தூக்கணும்லே. தூக்காட்டா, தூக்குத வரைக்கும் கோயில் கொடையில சின்னப் பிள்ளையளோடதான் உனக்குப் பந்தி.” அத்தான், எனக்கு வயது பதினாறு. பக்கத்து இலையில் பல் விழுந்த பயல் உட்கார்ந்துகொண்டு என் அப்பளத்தைக் கேட்டால் நான் எந்த முகத்தோடு கொடுப்பேன்?

ஜோசியர் பார்த்துவிட்டு எனக்கு இப்போது நல்ல தசை என்றார். ஜாதகத்தில் இருக்கிறது, உடம்பில்தான் காணோம். புஜம் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம். ஆகவே பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, ‘இருபத்தொரு நாளில் பீமபலம்’ என்ற புத்தகத்தைத் தபாலில் வரவழைத்தேன். நாற்பது பக்கம்வரை பலம் பெற்றவர்கள் எழுதிய நன்றிக் கடிதங்கள். நாற்பத்தோராம் பக்கத்தில், கண்ணாடி முன் நின்று மூச்சைப் பிடித்து ‘நான் பீமன், நான் பீமன்’ என்று நூற்றெட்டுத் தடவை சொல்லச் சொல்லியிருந்தது. சொன்னேன். அம்மா பயந்துபோய் வேப்பிலை அடித்தாள். கடைசிப் பக்கத்தில், பலன் தெரியாதவர்கள் எங்கள் லேகியத்தைச் சாப்பிடவும் என்றிருந்தது. அதையும் வாங்கிச் சாப்பிட்டேன். ஒரே நாளில் பத்தொன்பது தடவை வாய்க்காலுக்கு ஓடினதில் காலுக்கு மட்டும் நல்ல அப்பியாசம்.

பிறகு, மேலப்பாளையத்திலிருந்து சந்தைக்குத் துணி கொண்டுவரும் காஜா முகைதீன் அண்ணாச்சியைப் பிடித்தேன்; வாலிபத்தில் குஸ்தி போட்டவர். என் தோளை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துவிட்டு, “எத்தன மாசம் இருக்கு வே?” என்று கேட்டார். ஐந்து என்றேன். “அப்போ கல்லத் தூக்காதிரும், பேசிப் பாரும், இரங்கி வந்தாலும் வரும்” என்று சிரித்தார். நான் நகரவில்லை. “நெசமாவே வேணும்னா பையப் போணும். மூணு வருசம் தண்டாலும் பஸ்கியும் எடும். இன்னைக்குப் பத்து, அடுத்த வாரம் பன்னெண்டு. வலிச்சா ஒரு நாள் படுத்துக்கிடும். அவசரப்பட்டா கல்லு தூக்க மாட்டீரு, உம்மத்தான் நாலுபேர் தூக்குவாவ” என்று சொல்லிவிட்டு அடுத்த சந்தைக்கு வண்டி ஏறிவிட்டார்.

அத்தான், இதுவரை நான் கேட்டதில் பொய்யில்லாத பேச்சு இதுதான். யோசித்துத் தீர்மானித்துவிட்டேன். மூன்று வருஷக் கொடைத் திருவிழாவிலும் குழந்தைகளோடு உட்கார்ந்தாலும் சரி, அப்பளம் முழுவதையும் பறிகொடுத்தாலும் சரி, எண்ணெய் இல்லாமல், ஏமாற்றில்லாமல் அந்தக் கல்லைத் தூக்கியே தீருவேன். அதற்கு ஒரு யோக்கியமான புத்தகம் வேண்டும். தாங்கள் மூர் மார்க்கெட்டில் தேடிப் பார்த்து அனுப்பவேண்டியது. நாள்தோறும் எவ்வளவு, எப்போது கூட்டுவது, எப்போது ஓய்வது என்று வருஷக்கணக்கில் சொல்லவேண்டும். நாம் சைவமாகையால் ஆட்டுக்கால் சூப்பில் ஆரம்பிக்கக் கூடாது. லேகியம் என்ற வார்த்தை எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது.

தங்கள் சம்பளமும் ஆயுளும் என் தண்டால்போல மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகப் பாபநாசநாதர் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
இன்னும் வாலிபனாகாத மைத்துனன்,
சிவசைலம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தபாலில் போடப் போகும் வழியில் கோயில் பொட்டலில் அக்காள் புழுங்கல் நெல் காயப்போட வந்திருந்தாள். கல் நடுவில் கிடந்தது. குனிந்தாள், குடத்தை எடுக்கிறதுபோல எடுத்து இடுப்பில் வைத்தாள், பத்தடி நடந்து வேப்பமரத்தடியில் இறக்கினாள். அங்கே கூட்டாளிகளோடு நின்ற சங்கிலிபூதத்தான் அலறினான்: “எக்கா, அது இளவட்டக்கல்லுல்லா!”

“இத்தன இளவட்டம் இருக்கிய, ஒருத்தனாவது ஓரமா எடுத்து வச்சியளாலே? நெல்லு காய வேண்டாமா?” என்றாள்.

பிறகு விசாரித்தேன். பத்து வயதிலிருந்து நெல் குத்துகிறாளாம். இன்றைக்கு எனக்கு ஒரு படி, அடுத்த வாரம் ஒன்றரை என்று உலக்கையைக் கையில் கொடுத்துவிட்டாள். ஆகையால் எனக்குப் புத்தகம் வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் தாங்களே வைத்துக்கொண்டு இன்றே ஆரம்பியுங்கள். தையில் அக்காளை அங்கே கொண்டுவந்து விடுகிறோம்.